அவர் போடாத பூஜ்ஜியம்

எங்கள் தொழிற்சாலையின் முகப்பில் 'உலகத் தரம்' என்று ஆளுயர எழுத்தில் முதலாளி ஒரு பலகை வைத்திருந்தார். அதற்கு நேர் கீழே, முதல் மாடி ஜன்னல் கம்பியில், தலையணை உறை அளவில் நான்கைந்து சதுரத் துணிகள் எந்நேரமும் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவின் அந்தத் தொழிற்பேட்டையில் வழி சொல்பவர்கள் பலகையை அடையாளம் சொல்ல மாட்டார்கள். "கடைசியில துணி காயப் போட்டிருக்கும் பாருங்க, அந்த பில்டிங்" என்பார்கள்.

அந்தத் துணிகளைத் தொங்கவிட்ட அம்மாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. அது அவர் போட்ட நிபந்தனை.

அவர் எங்கள் பேட்டர்ன் மேக்கர். சட்டையைத் தைப்பதற்கு முன் துணியை வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு முன் முதுகு, முன்பக்கம், கை, காலர் என்று ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் கெட்டி அட்டையில் வரைந்து கத்தரித்துக்கொள்ள வேண்டும். அந்த அட்டைகளை மேலே வைத்துத்தான் நூறு அடுக்குத் துணியை மெஷின் கத்தி ஒரே மூச்சில் வெட்டும். அட்டையில் அரை அங்குலம் பிசகினால் நூறு சட்டையிலும் அரை அங்குலம் பிசகும். அதனால் பேட்டர்ன் மேக்கரை எல்லாத் தொழிற்சாலைகளிலும் மரியாதையாக நடத்துவார்கள், தவறு நடக்கும் நாள் வரை.

நான் அங்கே பொது மேலாளராக இருந்தேன். வெளிநாட்டில் நிர்வாகவியல் படித்தவன். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. சீருடை தைக்கும் தொழிற்சாலையை நடத்த அது தேவையில்லை என்று எனக்குப் பாடம் நடத்தியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்த அம்மாள் எதையும் மூன்று முறை துவைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். புதுத் துணி வந்ததும் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதில் ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத மையால் வரைவார். பிறகு துவைப்பார். காய வைப்பார். இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் காலையில் அளப்பார். ஐம்பது நாற்பத்தொன்பதாகியிருந்தால் நூற்றுக்கு இரண்டு சுருக்கம். அடுத்த நாள் மறுபடி, அதற்கடுத்த நாள் மறுபடி. மூன்றாவது அளவு வந்த பிறகுதான் அட்டையில் அந்தச் சுருக்கத்தைச் சேர்த்து, நீளத்தைக் கூட்டி, சட்டையை வரைவார். தேநீர் போடும் பேன்ட்ரியில் இருந்த சலவை இயந்திரம்கூட அவர் தன் வீட்டிலிருந்து லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தது.

துணி விற்க வரும் ஏஜெண்டுகள் அவரைப் பார்த்தால் நடுங்குவார்கள்.

"அக்கா, இது மில்லுலயே சுருக்கி எடுத்த துணி. சர்டிபிகேட் இருக்கு பாருங்க."

"சர்டிபிகேட்ட யாரும் மாட்டிக்கிட்டுப் போக மாட்டாங்க தம்பி. அரை மீட்டர் துணி குடு."

மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் பெயரை மூன்று மாதத்துக்குக் கேட்க மாட்டார். கிராணியாக, கணக்கு எழுதும் வேலைக்கு வந்த பெண் ஒருத்தி வருத்தப்பட்டு, "ஏன்க்கா என் பேரைக் கேக்கவே மாட்டேங்கிறீங்க?" என்றபோது, "இரு லா. சாயம் போவுதா, சுருங்குதான்னு பாத்துட்டுக் கேக்குறேன்" என்றார். என்னை ஏறக்குறைய ஓராண்டு 'புது சார்' என்றே அழைத்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எனக்கும் பேர் இருக்கும்மா" என்றேன்.

"இருக்கும் சார். இன்னும் காயல நீங்க."

முதலாளிக்கு அப்போது, சுல்தான்கள் வழங்கும் டத்தோ பட்டம் வந்திருக்கவில்லை. வரும் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது. வரும்போது நாக்குத் தடுமாறக் கூடாதே என்பதற்காக, அலுவலகத்துக்குள் எல்லோரும் முன்கூட்டியே டத்தோ என்று அழைத்துப் பழகிக்கொண்டோம். நான்தான் அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தேன். அந்த அம்மாள் மட்டும் 'பாஸ்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். "பட்டம் வரட்டும் சார். வந்த அன்னைக்கு மொத ஆளா நானே கூப்பிடுறேன்" என்றார். இது முதலாளியின் காதுக்கு எட்டியது. எட்ட வைத்தவனும் நான்தான்.

எங்களிடம் இருந்த அளவு அட்டவணை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. அதன்படி தைத்த காவலாளி சட்டைகளில் வயிற்றுப் பக்கம் பொத்தான் தெறித்து விழுகிறது என்று ஒரு பாதுகாப்பு நிறுவனம் புகார் எழுதியது. காவலாளிகள் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று நான் பதில் வரைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் காவல் கூண்டு கூண்டாகப் போய்வந்தார்.

"அட்டவணையில இருக்கிற ஆளு சாப்பிட மாட்டான் போல சார். நம்ம ஆளு சாப்பிடுறான். சாப்பிட்டுட்டு பன்னெண்டு மணி நேரம் நாற்காலியில உக்காந்திருக்கான். உக்காந்தா சட்டை முன்னால ஏறும், முதுகுல தூக்கும்."

நிற்கிறவன் சட்டை, உட்கார்ந்தவன் சட்டை என்று இரண்டு தனித்தனி பேட்டர்ன் போட்டார். உட்கார்ந்தவன் சட்டையில் முன்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நீளம் அதிகம். புகார் நின்றது. எனக்கு எது பொருந்தும் என்று கேட்டேன். அட்டையிலிருந்து தலை நிமிராமலேயே, "உங்களப் பாத்துத்தான் சார் உக்காந்தவன வரைஞ்சேன்" என்றார்.

அந்த இரட்டைப் பேட்டர்னுக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் வைத்து, நிறுவனக் கையேட்டில் சேர்த்து, தொழில் கூட்டம் ஒன்றில் என் கண்டுபிடிப்பாக நானே மேடையேறிப் பேசினேன். கைதட்டினார்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட முதல் பொருள் அது. அதைத் திருட்டு என்று நான் அப்போது நினைக்கவில்லை. நிர்வாகம் என்று நினைத்தேன்.

கணினியில் பேட்டர்ன் போடும் மென்பொருள் வந்தபோது, இவர் இத்தோடு ஒழிந்தார் என்று முதலாளியும் நானும் பேசிக்கொண்டோம். இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டார். எங்களுக்குக் கற்பிக்க வந்தவனுக்கே குறுக்கு வழி காட்டினார். "நல்ல சாமான் சார் இது. சொன்னத அப்படியே செய்யுது, உங்க ஆபிஸ் ஆளுங்க மாதிரி" என்றார். ஆனால் ஜன்னலில் துணி காய்வது நிற்கவில்லை.

இனி என் சாதனைக்கு வருகிறேன். எங்களுக்குத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அதற்காக நான் ஒரு முறைமை வகுத்தேன். அதன் உச்சம் இதுதான்: ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஒரு தலைமை அட்டை இருக்கும். அதில் துணி வகை, சுருக்க அளவு, பேட்டர்ன் மேக்கரின் கையெழுத்து மூன்றும் இல்லாமல் கட்டிங் மாஸ்டர் கத்தியைத் தொடக் கூடாது. சரிபார்க்க வந்த தணிக்கையாளர் அந்த விதியைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சான்றிதழ் வந்தது. பலகைக்குப் பக்கத்தில் அதையும் மாட்டினோம். துணிகள் அதற்குக் கீழே காய்ந்தன.

அந்த விதியில் முதலில் மாட்டியவன் நான்.

வாழையிலை உணவகங்கள் பதினொன்றை வைத்திருந்த ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் பன்னிரண்டாவதைத் திறக்கவிருந்தார். பன்னிரண்டு கடைகளின் பரிமாறும் ஊழியர்கள் எல்லோருக்கும் புதுச் சட்டை, அரக்கு நிறம், சுத்தப் பருத்தி. திறப்பு விழாவுக்கு வரவிருந்த பெரிய மனிதர் நினைத்தால் எங்கள் முதலாளியின் பட்டம் நகரும் என்று ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை விழா. துணி தாமதமாகித் திங்கள்கிழமை வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை வெட்டினால்தான் தைத்து முடிக்க முடியும்.

நான் அவருடைய மேசைக்குப் போனேன். இயந்திரத்திலிருந்து முதல் சதுரத்தை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வெட்டணும்மா."

"வியாழக்கிழம காலையில சொல்றேன் சார்."

"வியாழன்னா எப்படிம்மா? ஞாயித்துக்கிழம விழா."

"அவசரம் உங்களுக்குத்தானே சார், துணிக்கு இல்லையே. சாப்பாட்டுக் கடைச் சட்டை. கொழம்புக் கறை. லாண்ட்ரிக்காரன் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பொரட்டி எடுப்பான். இது பருத்தி. ஒரு தடவ துவைச்சாப் பாதி உண்மைதான் சொல்லும்."

"ஏஜெண்ட் சுருங்காதுன்னு எழுதிக் குடுத்திருக்கான்."

"அப்ப அவனையே சைன் போடச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை காலை, ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு அளவெடுக்கப் போகும்படி நானே அவரை அனுப்பினேன். அடுத்த வாரம் போயிருக்கலாம். அவர் கிளம்பிய பிறகு முதலாளி என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"இன்னும் வெட்டலையாமே? உங்க சிஸ்டம் யாருக்கு வேலை செய்யுது? எனக்கா, அந்தப் பொம்பளைக்கா?"

என் ஒப்பந்தம் அந்த ஆண்டு முடிவில் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வீட்டில் சும்மா உட்காரப் பயமாக இருந்தது. காரணம் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதையாவது கண்டுபிடிக்க இத்தனை ஆண்டுகளில் நிறைய முயன்றேன், கிடைக்கவில்லை.

பகல் மூன்று மணிக்கு அவருடைய மேசையிலிருந்து தலைமை அட்டையை எடுத்தேன். பேட்டர்ன் வரைந்து தயாராக இருந்தது. சுருக்கத்தைச் சேர்ப்பது மட்டும்தான் பாக்கி. அவருடைய கையெழுத்து எளிது, இரண்டே எழுத்து, கீழே ஒரு கோடு. போட்டேன். சுருக்க அளவு என்ற கட்டம் காலியாக இருந்தது. ஏஜெண்டின் சர்டிபிகேட்டைப் பார்த்து அதில் பூஜ்ஜியம் போட்டேன். அழகான வட்டமான பூஜ்ஜியம்.

படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பேட்டர்ன் மேசையில் ஒரு மாதம் வேலை பார்த்த எவரும் பருத்திக்குப் பூஜ்ஜியம் போட மாட்டார்கள். ஒன்று போடுவார்கள், அரை போடுவார்கள், குத்துமதிப்பாக மூன்று போடுவார்கள். பூஜ்ஜியம் போடுவது, குழந்தை அழவே அழாது என்று எழுதிக் கொடுப்பது மாதிரி. அட்டையைக் கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்தேன். திருப்பூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், விஷயம் தெரிந்தவர். அந்தக் கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா போட்டதா சார்?"

"கையெழுத்து இருக்குல்ல?"

அவருடைய பெர்மிட் புதுப்பிக்கும் விண்ணப்பம் என் மேசையில் இருந்தது. அவர் கத்தியை எடுத்தார்.

புதன்கிழமை காலை அந்த அம்மாள் என் அறைக்கு வந்தார். கையில் இரண்டு முறை துவைத்த சதுரம். அதை என் மேசைமேல் விரித்து அளவுகோலை வைத்தார்.

"நாப்பத்தேழு சார். ரெண்டு துவைக்கே நூத்துக்கு ஆறு போயிடுச்சு. மூணாவதுக்கு ஏழு வரும். அதுக்குள்ள வெட்டச் சொன்னது யாரு?"

"பாஸ் ரொம்ப அவசரப்பட்டார்மா."

அட்டையில் யார் கையெழுத்திட்டது என்று அவர் அப்போது கேட்கவில்லை. அவருடைய கவலை சட்டையைப் பற்றியது.

"போனது போவட்டும். கீழே ரெண்டு இஞ்சுக்கு வேற கலர்ல பட்டி வச்சுத் தைக்கலாம். கை முனையிலயும் வைக்கலாம். டிசைன் மாதிரி இருக்கும், யாருக்கும் தெரியாது. ஒரு நாள் குடுங்க, நான் பாத்துக்குறேன்."

அது நடந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் பட்டி ஏன் என்று முதலாளி கேட்பார். அட்டையை எடுத்துப் பார்ப்பார். "டிசைன் அப்ரூவ் ஆயிடுச்சும்மா, மாத்த முடியாது" என்றேன். அவர் சதுரத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை விழா பிரமாதமாக நடந்தது. பெரிய மனிதர் ரிப்பன் வெட்டினார். வரிசையாக நின்ற ஊழியர்களைப் பார்த்து, "நல்லா இருக்கே, யார் தைச்சது?" என்று கேட்டார். முதலாளி என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை சட்டைகள் லாண்ட்ரிக்குப் போயின.

வாழையிலையில் பரிமாறுபவன் குனிய வேண்டும். சோறு வைக்கக் குனிய வேண்டும், குழம்பு ஊற்றக் குனிய வேண்டும், அப்பளம் வைக்கவும் குனிய வேண்டும். நின்றால் இடுப்பு வரை வந்த சட்டை, குனிந்தால் முதுகின் பாதி வரை ஏறியது. எட்டி ரசம் ஊற்றினால் முன்பக்கம் தொப்புள் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் குடும்பத்தோடு சாப்பிட வந்த ஒரு ஆன்டி, "தம்பி, சாம்பார் அப்புறம் ஊத்தலாம், மொதல்ல சட்டையக் கீழ இழுத்து விடுப்பா" என்றாராம். யாரோ படம் எடுத்தார்கள். மாலைக்குள் அந்தப் படம் கோலாலம்பூரிலிருந்து கேரி தீவு வரை எல்லார் கைப்பேசியிலும் வந்துவிட்டது. எனக்கே மூன்று குழுக்களில் வந்தது. ஒன்று என் தமிழ்ச் சங்கத்துக் குழு. கீழே ஒருவர், 'காற்றோட்டமான சீருடை' என்று எழுதியிருந்தார். சிரிக்கும் முகம் ஒன்றை நானும் போட்டேன். போடாவிட்டால் சந்தேகப்படுவார்களே.

புதன்கிழமை விசாரணை. கூட்ட அறையில் முதலாளி, நான், அந்த அம்மாள், கட்டிங் மாஸ்டர். முதலாளி அட்டையை மேசைமேல் வீசினார்.

"உங்க கையெழுத்து. உங்க ஜீரோ. பதில் சொல்லுங்க."

அவர் அட்டையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை.

"இது என் கை இல்ல பாஸ்."

"பின்ன யாரு கை?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா நான் ஜீரோ போட மாட்டேன். இருவத்திரெண்டு வருஷ அட்டை எல்லாம் அலமாரியில இருக்கு, எடுத்துப் பாருங்க. ஒரு ஜீரோ இருந்தா நானே போயிடுறேன்."

அலமாரி ஐந்தடி தூரத்தில் இருந்தது. முதலாளி எழுந்து போகவில்லை. கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அட்டை வந்துச்சு, வெட்டினேன்" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"உங்க சிஸ்டம்தானே இது. நீங்க சொல்லுங்க. யார் கையெழுத்து?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. காய்ந்த துணியை அளக்கும்போது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"ஆவணத்தின்படி அவங்க கையெழுத்துதான்" என்றேன்.

'ஆவணத்தின்படி' என்ற சொல்லுக்காகத்தான் நான் வெளிநாடு போய்ப் படித்தேன் போலிருக்கிறது. பொய் சொல்லவில்லை என்ற நிம்மதியோடு பொய் சொல்ல அதைவிட நல்ல சொல் கிடையாது.

பணிநீக்கக் கடிதத்தை நானே வரைந்தேன். நல்ல நடையில் அமைந்த கடிதம். அடுத்த தணிக்கைக்கு வந்தவர், தவறு செய்தவரை ஒரே வாரத்தில் கண்டுபிடிக்க முடிந்தது எங்கள் முறைமையின் வலிமையைக் காட்டுகிறது என்று பாராட்டி எழுதினார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. முதலாளிக்கும் அடுத்த ஆண்டு பட்டம் வந்தது. ஜன்னல் கம்பி காலியாக இருந்தது. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று முதலாளி சொன்னார்.

அவர் வேறு இடங்களில் வேலை கேட்டபோது நான்கு தொழிற்சாலைகளிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். "திறமைசாலி. ஆவணத்தின்படி ஒரு பிரச்சினை நடந்தது" என்றேன். நான்கு பேரிடமும் அதே வாக்கியம். ஒருவரும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை.

இது நடந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. நான் ஓய்வுபெற்று, பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். அந்த அம்மாளை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். சென்ற ஆண்டு பேத்தியின் நாட்டிய உடைக்காக மகளோடு ஒரு தையல் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் பேச்சுவாக்கில், "பேட்டர்ன் மட்டும் கிள்ளான்ல ஜீரோ அக்காகிட்ட குடுப்போம்" என்றாள்.

"யாரும்மா ஜீரோ அக்கா?"

"அது ஏதோ பழைய கதை அங்கிள். ஒரு கம்பெனியில துணி சுருங்காதுன்னு ஜீரோ போட்டுட்டாங்களாம். ஊரே சிரிச்சுச்சாம். வேலையெல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனா எதுக்கும் நாங்க ஒரு தடவ துவைச்சுப் பாத்துக்குவோம்."

மகள் சிரித்தாள். நான் கடைக்கு வெளியே வந்து நின்றேன். அந்த அம்மாளின் வேலையைச் சந்தேகப்பட்டு, ஒரு சின்னப் பெண் துணியைத் துவைத்துப் பார்க்கிறாள்.

அடுத்த வாரம் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். ஒரு துணிக்கடையின் மாடியில் அவருடைய பேட்டர்ன் கூடம். இரண்டு கணினி, நீள மேசை, மூன்று பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். மெலிஞ்சிட்டீங்க. சட்டை தோள்ல எறங்குது."

உட்கார்ந்தேன். ரயிலில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "அந்தக் கையெழுத்து நான் போட்டதும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். ஜீரோ போடுற அளவுக்குப் படிச்சவங்க அந்தக் கட்டடத்துல நீங்க ஒருத்தர்தானே."

மூன்று பெண்களும் கேட்காததுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு அட்டையை எடுத்து ஓரத்தைச் சரிபார்த்தார்.

"இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்ல? தெரியாதவங்க நெறய பேரு இருக்காங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

முதலில் டத்தோவிடம் போனேன். தொழிற்சாலையை விற்றுவிட்டு, பெரிய வீட்டில் மீன் வளர்க்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அந்தப் பொம்பள கெட்டிக்காரி ஆச்சே. அவங்கள ஏன் அனுப்பினோம்?"

"அதைத்தான் டத்தோ சொல்றேன்."

"பழசு எல்லாம் எதுக்கு லா இப்ப. விழா நல்லா நடந்துச்சு. மீனப் பாருங்க."

தொலைபேசியில் கேட்ட நால்வரில் இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவர் மறந்துவிட்டார். நான்காமவர் மட்டும், "நான் அவங்களத்தான் எடுக்கிறதா இருந்தேன். உங்களுக்குப் போன் பண்ணது சும்மா ஒரு வழக்கத்துக்கு" என்றார். கட்டிங் மாஸ்டர் ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. எண்ணைத் தேடிப் பிடித்தேன். நான் யார் என்று சொன்னதும், "பெர்மிட் விஷயமா சார்?" என்று கேட்டார். பழைய பயம் குரலில் அப்படியே இருந்தது.

மறுபடி கிள்ளானுக்குப் போய் அவரிடம் கணக்கு ஒப்பித்தேன். நம்மவர்கள் படிக்கும் ஏட்டில் உங்களைப் பற்றி எழுதட்டுமா, உங்கள் பேரோடு போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். என்மேல் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"எழுதுங்க. என் பேரு வேணாம். பதினாறு வருஷம் அந்தக் கதை என் பேருலதான் சார் ஓடுச்சு. மறுபடியும் என் பேரப் போட்டு எழுதினா, படிக்கிறவன் பாதியிலயே 'ஓ, அந்த ஜீரோ அக்காவா'ன்னு மூடி வச்சிருவான். அந்த ஜீரோவப் போட்ட ஆளுக்கும் பேரு இருக்குல்ல? அதப் போடுங்க."

மகள் வேண்டாம் என்கிறாள். தமிழ்ச் சங்கத்தில் நான் இன்னும் துணைத் தலைவர். பேத்தியின் பள்ளியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். 'ஒரு மேலாளர்' என்று எழுதினால் போதாதா என்று கேட்கிறாள். போதாது. 'ஒரு மேலாளர்' என்பதற்கும் 'ஆவணத்தின்படி' என்பதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

அந்த அட்டையில் பொய்க் கையெழுத்து இட்டு, பூஜ்ஜியம் போட்டு, கேட்டபோது மறைத்தவனின் பெயர் நடேசன் சதாசிவம். அன்று பொது மேலாளர். இன்று எழுபத்து நான்கு வயது.